கேட்பதற்கென்றே ஒரு கருவி





ஒரே வீட்டில் மூன்று தேவைகள். சர்க்கரை நோய்க்காக மருத்துவர் நடக்கச் சொல்லியிருக்கிறார். வெறுமனே நடந்தால் பத்து நிமிடத்தில் சலிப்புத் தட்டுகிறது, காதில் ஏதேனும் ஒலித்தால் முக்கால் மணி நேரம் நடந்துவிடுவேன் என்கிறார் அத்தா. மனனம் செய்த ஜுஸ்வுகள் மறந்துபோகாமல் இருக்க ஒரு காரியின் ஓதலை நாள்தோறும் கேட்க வேண்டும், அதற்கு ஒரு கைபேசி வாங்கித் தாருங்கள் என்கிறான் ஹிஃப்ளு வகுப்பில் பயிலும் மகன். பார்வை மங்கிவிட்ட நன்னிக்கு முஸ்ஹஃபைப் பார்த்து ஓத இயலவில்லை. யாஸீனும் முல்க்கும் கேட்டால் மனம் அமைதி கொள்கிறது. "ஹஜ்ரத், எதை வாங்கிக் கொடுப்பது?" என்று பெற்றோர் என்னிடம் கேட்கிறார்கள். அண்மைக் காலத்தில் இந்தக் கேள்வி அடிக்கடி வருவதால் என் கருத்தை இங்கே சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

என் விடை இதுதான்: மூவருக்கும் கைபேசி வேண்டாம். கேட்பதற்கென்றே செய்யப்பட்ட, இணையத் தொடர்பு இல்லாத, விரலால் தடவிப் பார்த்தே இயக்கக்கூடிய பொத்தான்கள் கொண்ட ஒரு சிறு எம்.பி.3 பிளேயர் போதும். அது எவ்வளவு குறைவான வேலைகளைச் செய்கிறதோ அவ்வளவுக்கு நமக்கு நல்லது.

"அதெல்லாம் ஒழிந்துபோன பொருள் அல்லவா?" என்று சிலர் வியக்கிறார்கள். அவர்கள் வியப்பதில் நியாயம் உண்டு. 1979 ஜூலையில் ஜப்பானில் சோனி நிறுவனம் வாக்மேனை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 2001 அக்டோபரில் ஆப்பிள் நிறுவனம் 5 ஜிபி கொள்ளளவுடன் ஐபாடை அறிமுகப்படுத்தியது. 2022 மே மாதத்தில் அந்நிறுவனமே ஐபாடின் கடைசி வகையையும் நிறுத்துவதாக அறிவித்துவிட்டது. இவற்றின் இடத்தைக் கைபேசி எடுத்துக்கொண்டது உண்மை. ஆயினும் சட்டையில் செருகிக்கொள்ளும் கிளிப் வகைப் பிளேயர்கள் இன்றும் கிடைக்கின்றன. நம் நாட்டிலேயே, எல்லோர் கையிலும் கைபேசி வந்துவிட்ட பிறகு, 2017இல் சரிகம நிறுவனம் 5000 பழைய பாடல்களைப் பதித்து 'காரவான்' என்ற பெட்டியை வெளியிட்டது. முதியவர்கள் அதை விரும்பி வாங்கினார்கள். அதே பாடல்கள் கைபேசியில் இலவசமாகவே கிடைத்தன. இருந்தும் ஒரு குமிழைத் திருப்பினால் ஒலிக்க வேண்டும், வேறெதுவும் நடக்கக் கூடாது என்று விரும்புவோர் ஏராளம் என்பதை அந்தப் பெட்டி காட்டிவிட்டது.

கைபேசியில் என்ன குறை? ஓதலைக் கேட்கத் தொடங்கிய பையன் ஓதலை மட்டும் கேட்டு முடிப்பதில்லை, அதுதான் குறை. சூராவின் நடுவில் ஒரு குறுஞ்செய்தி மணி அடிக்கிறது. அது யாரென்று பார்க்கத் திரையைத் திறக்கிறான். ஓதல் காதில் ஓடிக்கொண்டே இருக்க, கண் வேறொரு காணொளியில் நிற்கிறது. சற்று நேரத்தில் ஓதலும் நின்று காணொளியின் ஒலியே காதுக்கும் வந்துவிடுகிறது. அவனைக் கண்டித்துப் பயனில்லை. அந்தச் செயலிகளின் வேலையே மனிதனைத் திரையில் பிடித்து வைப்பது; பல்லாயிரம் பொறியாளர்கள் ஊதியம் பெற்றுச் செய்யும் அந்த வேலையை எதிர்த்து பதின்மூன்று வயதுப் பிள்ளை தனியாக நிற்க முடியாது. நாற்பது வயதைக் கடந்த தந்தையரே நிற்க முடியாமல், நடைப்பயிற்சியின் பாதி நேரத்தைப் பாலத்துச் சுவரில் சாய்ந்து திரையைத் தடவுவதிலேயே கழிப்பதை அன்றாடம் காண்கிறோம்.

அல் அஃராஃப் அத்தியாயத்தின் 204ஆம் வசனம் குர்ஆன் ஓதப்படும்போது செவிதாழ்த்துமாறும் மௌனமாக இருக்குமாறும் பணிக்கிறது. அதில் இரண்டு கட்டளைகள் அடுத்தடுத்து நிற்பதைக் கவனியுங்கள். ஒலி காதில் விழுந்துகொண்டிருப்பது ஒன்று. கவனத்தை அதற்குக் கொடுப்பது வேறொன்று. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்களை ஓதச் சொல்லி, தாம் கேட்க விரும்புவதாகக் கூறி, அந்நிஸா அத்தியாயத்தின் 41ஆம் வசனம் வந்ததும் கண்ணீர் வடித்த செய்தியை நாம் அறிவோம். குர்ஆன் யார் மீது அருளப்பெற்றதோ அவர்களே பிறர் ஓதக் கேட்பதை விரும்பினார்கள் எனில், கேட்டல் என்பது ஓதலுக்குத் தாழ்ந்த இரண்டாம் தரச் செயல் ஆகாது. அத்தகைய செயலுக்கு, இடையில் மணி அடிக்காத ஒரு கருவியை ஒதுக்குவது மிகையான ஏற்பாடா என்ன?

இதற்கு எதிராகச் சொல்லப்படும் காரணங்கள் எனக்குத் தெரியாமல் இல்லை. கைபேசி ஏற்கெனவே கையில் இருக்கிறது, இன்னொன்றுக்கு ஏன் செலவு என்பது முதலாவது. பெரியவர்களைப் பொறுத்தவரை இது ஓரளவு சரியே. தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்ளத் தெரிந்தவர் கைபேசியில் இணையத் தொடர்பைத் துண்டித்துவிட்டுக் கேட்கலாம். ஆனால் ஓதலைக் கேட்பதற்கென்று பிள்ளைக்குப் புதிதாகக் கைபேசி வாங்கும் வீட்டுக்கு இந்தக் காரணம் பொருந்தாது. சாதாரண பிளேயரின் விலை கைபேசி விலையில் சிறு பகுதிதான். தனியாக நடக்கச் செல்லும் பெண்களுக்கு அவசர அழைப்புக்காகக் கைபேசி தேவை என்பது இரண்டாவது. அதை முழு மனத்துடன் ஏற்கிறேன். கைபேசி பையில் இருக்கட்டும், காதுக்குப் பிளேயர் இருக்கட்டும். இன்னொரு பொருளுக்கும் சார்ஜ் போட வேண்டுமே என்பது மூன்றாவது. அது உண்மைதான், அதற்கு என்னிடம் மறுமொழி இல்லை, போட்டுத்தான் ஆக வேண்டும்.

முதல் வாக்மேனைப் பற்றி ஒரு செய்தி உண்டு. அதில் இயர்போன் செருகுவதற்கு இரண்டு துளைகள் இருந்தன. ஒருவர் மட்டும் தனியே கேட்டுக்கொண்டிருப்பது அருகில் இருப்பவரைப் புறக்கணிப்பதாகும் என்று சோனியின் தலைவர் அகியோ மொரிட்டா கருதினார். அவருடைய மனைவியே அப்படி உணர்ந்ததாக அவர் எழுதியிருக்கிறார். ஆகவே இருவர் சேர்ந்து கேட்கும்படி அதைச் செய்தார்கள். மேலே ஒரு பொத்தானும் இருந்தது. அதை அழுத்தினால் பாட்டின் ஒலி தணிந்து, பக்கத்தில் இருப்பவர் பேசுவது ஒரு சிறு மைக் வழியாகக் காதில் விழும். பின்னர் வந்த வகைகளில் இவ்விரண்டும் கைவிடப்பட்டன. மக்கள் தனியே கேட்கவே விரும்பினார்கள் என்பது தெரிந்துபோனது.

அந்தப் பொத்தானைத் தொடக்கத்திலேயே வைத்த எண்ணத்தை நான் மதிக்கிறேன். காதை அடைத்துக்கொண்டு வருகிறவனுக்கு எதிரே வருபவர் சொன்ன சலாம் கேட்பதில்லை. சலாத்துக்குப் பதில் சொல்வது கடமை; கேட்கவில்லையே என்று அவன் சொல்லலாம், ஆனால் கேளாமல் செய்துகொண்டது அவன்தான். வீட்டில் உம்மா மூன்று முறை அழைத்தும் திரும்பாத பிள்ளையும் இதே வகைதான். பாங்கு ஒலிக்கும்போது தெருவே நின்று கேட்க, இவன் மட்டும் வேறு எதையோ கேட்டுக்கொண்டு நடக்கிறான். எனவே கருவியைத் தேர்ந்தெடுக்கும்போது, இதை அணிந்த பிறகும் நான் பிறருக்கு எட்டக்கூடியவனாக இருப்பேனா என்று பார்ப்பதே முதல் கேள்வியாக இருக்க வேண்டும்.

இதில் உயிரும் அடங்கியிருக்கிறது. எங்கள் வாடிப்பட்டியின் அருகே மதுரை - திண்டுக்கல் நான்குவழிச்சாலை செல்கிறது. காஷ்மீரிலிருந்து கன்னியாகுமரி வரை நீளும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை அது. இரவும் பகலும் சரக்கு லாரிகள் ஓயாமல் ஓடுகின்றன. ஊரை ஒட்டி ரயில் பாதையும் செல்கிறது. ஃபஜ்ரு முடிந்து விடியுமுன் நடக்கக் கிளம்புகிறவர், மங்கிய வெளிச்சத்தில் கண்ணைவிடக் காதையே நம்பியிருக்கிறார். பின்னால் வரும் வண்டியின் ஓசை, குறுக்கே பாயும் நாயின் உறுமல், தண்டவாளத்தின் அதிர்வு ஆகியவை கேட்டால்தான் ஒதுங்க முடியும். இயர்போனை மாட்டிக்கொண்டு தண்டவாளத்தைக் கடந்து உயிரிழந்தோர் பற்றிய செய்திகள் நாளிதழ்களில் வந்துகொண்டுதான் இருக்கின்றன. அமெரிக்காவில்கூட ஓட்டப் பந்தயங்களை நெறிப்படுத்தும் அமைப்பு 2007இல் இத்தகைய கருவிகளுக்குத் தடை விதித்தது. பரிசுக்காகப் போட்டியிடாதவர்களுக்கு அடுத்த ஆண்டே அதைத் தளர்த்தினார்கள் என்றாலும், போக்குவரத்தை நிறுத்தி வைத்த சாலையிலேயே அவர்கள் அஞ்சினார்கள் என்பதை நாம் எண்ணிப் பார்க்கலாம்.

ஆகையால் காதுத் துளைக்குள் இறுகப் பொருந்தி வெளியோசையை அடைத்துவிடும் இயர்போன் சாலைக்கு ஆகாது. வெளிச்சத்தத்தை மின்னணு முறையில் நீக்கும் உயர்ரக வகைகள் சாலைக்கு அதனினும் ஆகாதவை. அவை பேருந்துப் பயணத்துக்கும் நூலகத்துக்கும் ஏற்றவை. இரைச்சல் குறைவதால் ஒலியைக் கூட்ட வேண்டிய தேவையும் குறையும். நடப்பவர்க்குக் காதின் வாயிலில் தளர்வாக நிற்கும் பழைய வகை இயர்போன் நல்லது. ஒரு காதில் மட்டும் அணிவது அதைவிடவும் நல்லது. அப்போது கருவியில் 'மோனோ' என்ற ஏற்பாடு இருந்தால் இரு பக்க ஒலியும் ஒரு காதிலேயே வந்துவிடும். கன்ன எலும்பின் மேல் அமர்ந்து அதிர்வாக ஒலியைச் செலுத்தும் வகை இப்போது பரவலாகக் கிடைக்கிறது. காதுத் துளை முழுவதும் திறந்தே இருப்பதால் சாலைக்கு அது பொருத்தமானது. ஆனால் காதை அது தொடுவதே இல்லை, எவ்வளவு சத்தமாகவும் வைக்கலாம் என்று கடைக்காரர் சொன்னால் நம்ப வேண்டாம். எலும்பு வழியாகச் சென்றாலும் ஒலி போய்ச் சேருவது அதே உட்செவியைத்தான்.

உட்செவியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். மேளத்தால் பெயர் பெற்ற வாடிப்பட்டியிலிருந்து ஒருவர் ஒலி அளவைப் பற்றிப் பாடம் நடத்துவது சிலருக்கு வேடிக்கையாகத் தோன்றலாம்! ஆனால் மேளக்காரர் திருவிழா நாளில் அடித்துவிட்டு ஓய்கிறார். நம் பிள்ளைகள் நாள்தோறும் மணிக்கணக்கில் கேட்கிறார்கள். உட்செவியில் நத்தை ஓடு போன்ற ஓர் உறுப்பு இருக்கிறது. அதனுள் ஏறத்தாழ 15,000 மயிரணுக்கள் ஒலி அதிர்வை நரம்புத் துடிப்பாக மாற்றுகின்றன. தோலில் காயம் பட்டால் புதுத் தோல் வளரும்; இந்த அணுக்கள் மடிந்தால் மனிதருக்கு மீண்டும் முளைப்பதில்லை. இரைச்சலால் வரும் கேள்விக் குறை முதலில் நுண்ணிய கூர் ஒலிகளையே பறிக்கிறது. அதனால் பல ஆண்டுகள் யாருக்கும் தெரியாமல் போகிறது. பிறர் பேசுவது கேட்கிறது, ஆனால் சொல் தெளிவாக விளங்குவதில்லை. சிலருக்கு ஓயாத ரீங்காரம் காதில் தங்கிவிடுகிறது.

உலக சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் இணைந்து 2019இல் இத்தகைய கருவிகளுக்கு ஓர் அளவுகோலை அறிவித்தன. பெரியவர்களுக்கு 80 டெசிபல் ஒலியில் வாரத்துக்கு 40 மணி நேரம். குழந்தைகளுக்கு 75 டெசிபலில் அதே 40 மணி நேரம். கேட்பதற்கு இது தாராளமாகத்தான் தோன்றும். ஆனால் ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அனுமதிக்கப்பட்ட நேரம் பாதியாகக் குறைகிறது. 83 என்றால் 20 மணி நேரம்; 86 என்றால் 10; 89 என்றால் 5; 95 என்றால் வாரம் முழுவதற்கும் ஒன்றேகால் மணி நேரம் மட்டுமே. நூறைத் தாண்டினால் சில நிமிடங்களில் வாரத்தின் பங்கு தீர்ந்துபோகும். பல கருவிகள் முழு ஒலியில் அந்த உயரத்தை எளிதாக எட்டக்கூடியவை. ஓடும் பேருந்தின் இரைச்சலை வெல்ல ஒலியைக் கூட்டிவிட்டு, இறங்கிய பிறகும் குறைக்க மறப்பவர்களே பெரும்பாலோர்.

எனவே கடையில் கேட்க வேண்டிய கேள்வி, இதன் ஒலிக்கு உச்சவரம்பு வைக்க முடியுமா என்பது. சில பிளேயர்களில் அந்த ஏற்பாடு உண்டு. பிள்ளையிடம் கொடுக்குமுன் பெற்றோரே அதை அமைத்துவிட வேண்டும். அது இல்லையெனில் வீட்டில் எளிய சோதனை ஒன்று செய்யலாம். இயர்போனை அணிந்திருக்கும் பிள்ளைக்கு ஒரு கை தொலைவிலிருந்து சாதாரணக் குரலில் பேசுங்கள். அவன் கழற்றாமலே பதில் சொன்னால் அளவு சரி. "என்ன?" என்று கத்தினால் அளவு மீறிவிட்டது. செவி, பார்வை, உள்ளம் ஆகிய ஒவ்வொன்றும் விசாரிக்கப்படும் என்று பனூ இஸ்ராயீல் அத்தியாயத்தின் 36ஆம் வசனம் அறிவிக்கிறது. அந்த வரிசையில் செவி முதலாவதாக நிற்கிறது. எதைக் கேட்டோம் என்பதைத்தான் இவ்வசனத்தை ஒட்டி நாம் வழக்கமாகப் பேசுகிறோம்; ஆனால் அமானிதமாகப் பெற்ற செவியை என்ன செய்தோம் என்பதும் அதில் அடங்கும் என்றே நான் விளங்கிக்கொள்கிறேன். நல்லதையே கேட்டாலும் அளவு மீறிய ஒலி காதைக் கெடுக்கத்தான் செய்யும்.

இனி என் துறைக்கு வருகிறேன். 1959ஆம் ஆண்டு வாக்கில் எகிப்தில் லபீப் அஸ்ஸயீத் என்னும் அறிஞர் குர்ஆன் முழுவதையும் ஒலிப்பதிவாகப் பாதுகாக்கும் திட்டத்தை முன்வைத்தார். ஷைகு மஹ்மூது கலீல் அல் ஹுஸரீ அவர்கள் ஹஃப்ஸ் முறையில் ஓதிய பதிவு 1961இல் இசைத்தட்டுகளாக வெளிவந்தது. முழுக் குர்ஆனும் ஒலிப்பதிவாக வந்தது அதுவே முதன்முறை. 1964இல் கெய்ரோவில் குர்ஆனுக்கென்றே ஒரு வானொலி தொடங்கப்பட்டது. நம் பெற்றோர் தலைமுறையில் இலங்கை வானொலியின் முஸ்லிம் நிகழ்ச்சிக்காகக் காத்திருந்த வீடுகள் எத்தனை! நாகூர் ஹனீஃபா அவர்களின் கணீர்க் குரலும் பெரும்பாலான வீடுகளுக்கு ஒலிநாடா வழியாகத்தான் வந்தது. இயந்திரத்தின் வழியாகக் கேட்பது நமக்குப் புதிதல்ல. தொழுகையில் ஒலிபெருக்கி கூடுமா என்று துணைக்கண்டத்து உலமாக்கள் நெடுங்காலம் விவாதித்தார்கள்; தொடக்கத்தில் மறுத்த முஃப்தி முஹம்மது ஷஃபீ அவர்களே பின்னர் தம் கருத்தை மாற்றிக்கொண்டார். ஆகவே கருவி என்ற சொல்லைக் கேட்டதும் கதவைச் சாத்திவிடும் சில பெரியவர்களோடு நான் உடன்படவில்லை. பாத்திரத்துக்கு ஹராம் ஹலால் இல்லை, அதில் ஊற்றுவதற்குத்தான்.

தமிழ் பேசும் பிள்ளைக்குக் கேட்டல் இன்னும் கூடுதலாகத் தேவைப்படுகிறது. அரபியில் ஸீன், ஸாத், ஸா என்று மூன்று தனித்தனி எழுத்துகள். தமிழில் எழுதினால் மூன்றும் ஒரே 'ஸ'தான். ஏட்டைப் பார்த்து இந்த வேறுபாட்டைக் கற்க இயலாது. உஸ்தாதின் வாயைப் பார்த்து, நல்ல காரியைக் காதால் பல நூறு முறை கேட்டுத்தான் அது நாவில் படியும். அல் ஹுஸரீ அவர்களும் முஹம்மது ஸித்தீக் அல் மின்ஷாவீ அவர்களும் நிதானமாக ஓதி, கற்பவர் திருப்பிச் சொல்ல இடைவெளி விட்டுப் பதிவுசெய்த 'முஅல்லிம்' பதிவுகள் இதற்கென்றே இருக்கின்றன. மனனம் செய்யும் பிள்ளைக்கு இசையழகு மிகுந்த ஓதலைவிட இவையே நல்லவை. ஒருவரையே தேர்ந்தெடுத்து அவரையே கேட்க வேண்டும். நாளுக்கொரு காரி என்று மாற்றினால் நிறுத்தும் இடங்கள் குழம்பும்.

இந்தப் பயன்பாட்டுக்குப் பிளேயரில் என்ன இருக்க வேண்டும்? முதலாவது, தொடக்கப் புள்ளியையும் முடிவுப் புள்ளியையும் குறித்துவிட்டால் அந்தப் பகுதியை மட்டும் திரும்பத் திரும்ப ஒலிக்கும் வசதி. இதை 'ஏ-பி ரிப்பீட்' என்பார்கள். அரைப் பக்கத்தை இருபது முறை கேட்க வேண்டிய மாணவனுக்கு இதனினும் பெரிய உதவி வேறில்லை. இரண்டாவது, அணைத்துவிட்டு மறுநாள் திறந்தால் விட்ட இடத்திலிருந்தே தொடர வேண்டும். அல் பகரா ஓதிக் கேட்க இரண்டு மணி நேரம் ஆகும். ஒவ்வொரு நாளும் தொடக்கத்திலிருந்தே ஒலித்தால் அந்தச் சூராவின் கடைசிப் பக்கங்கள் யாருக்கும் கேட்கவே போவதில்லை. மூன்றாவது, வரிசை. சில மலிவான பிளேயர்கள் கோப்பின் பெயரைப் பார்ப்பதே இல்லை. எது முதலில் நகலெடுக்கப்பட்டதோ அதையே முதலில் ஒலிக்கும். ஆகவே 001 முதல் 114 வரை எண்ணிட்டு, அதே வரிசையில் ஒவ்வொன்றாக நகலெடுக்க வேண்டும். வரிசையைக் கலைத்து ஒலிக்கும் 'ஷஃபிள்' ஏற்பாட்டை அணைத்துவிடுங்கள். ஆயத்து ஆயத்தாகப் பிரித்த கோப்புகளில் அது இயங்கினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. தாழ்ந்த ஒலியைக் கூட்டிக் காட்டும் 'பேஸ்' ஏற்பாடும் வேண்டாம். மக்ரஜ்களின் வேறுபாடு கூர் ஒலிகளில்தான் இருக்கிறது.

கொள்ளளவைப் பற்றிக் கடைக்காரர்கள் மிரட்டுவார்கள். கணக்கு எளியது. நொடிக்கு 128 கிலோபிட் தரத்தில் பதிந்த ஒலி ஒரு மணி நேரத்துக்கு 58 எம்பி அளவு இடம் எடுக்கும். நிதான ஓதலில் முழுக் குர்ஆன் ஏறத்தாழ 30 மணி நேரம் என்று கொண்டால் 1.7 ஜிபி. எட்டு ஜிபி பிளேயரிலேயே முழு ஓதலும், தமிழ்த் தர்ஜுமாவும், ஓராண்டுக்குப் போதுமான பயான்களும் அடங்கிவிடும். பயானுக்கு 64 கிலோபிட் போதும். ஓதலுக்கு அதற்குக் கீழே போக வேண்டாம்.

உடற்பயிற்சியின்போது எதைக் கேட்பது என்பதில் கருத்து வேறுபாடு வரும் என்று அறிவேன். வேகமான தாளம் உடற்பயிற்சியின் களைப்பு உணர்வைக் குறைக்கிறது என்று இங்கிலாந்தின் புரூணெல் பல்கலைக்கழகத்து ஆய்வாளர் கோஸ்டாஸ் கராஜியோர்கிஸ் போன்றோர் பல ஆண்டுகளாக எழுதிவருகிறார்கள். அதை மறுக்க நான் ஆளில்லை. இசைக்கருவிகள் குறித்து நான்கு மத்ஹபுகளின் பெரும்பான்மைக் கருத்து தடை என்பதே. இப்னு ஹஸ்ம் போன்றோர் வேறுபட்டார்கள் என்பதும், இமாம் கஸ்ஸாலி அவர்கள் இஹ்யாவில் இதை நுணுக்கமாகப் பிரித்துப் பேசியிருக்கிறார்கள் என்பதும் மாணவர்கள் அறிந்ததே. நான் பெரும்பான்மைக் கருத்தோடு நிற்பவன். அந்த விவாதத்தை இங்கே நீட்டப்போவதில்லை. ஆனால் இசை கூடாது என்பவர்கள் அதே இடத்தில் கிராஅத்தை வைத்து, அதன் வேகத்துக்கு ஓடுவதையும் எடை தூக்குவதையும் நான் விரும்பவில்லை. மூச்சிரைக்க ஓடும்போது ஆயத்தின் பொருள் யாருக்கு எட்டும்? அங்கே குர்ஆன் வெறும் பின்னணி ஓசையாகிவிடுகிறது. ஓடுகிறவர் ஓடட்டும், எதுவும் கேட்காமலே ஓடட்டும்; அல்லது இசைக்கருவியில்லாத நஷீதைக் கேட்கட்டும். நிதானமான நடைக்கு ஓதலும் தஃப்ஸீரும் மிகப் பொருந்தும். நின்றும் இருந்தும் படுத்தும் இறைவனை நினைப்போரை ஆல இம்ரான் அத்தியாயத்தின் 191ஆம் வசனம் புகழ்கிறது. லுக்மான் அவர்கள் தம் மகனுக்குச் சொன்ன அறிவுரையிலோ நடையில் நிதானமும் குரலில் தாழ்வும் ஒன்றாகவே வருகின்றன. எங்கள் ஊரில் பெரியாறு கால்வாய்க் கரையில் நீர் வரும் மாதங்களில் நடந்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். ஒரு ஜுஸ்வு முடியும்போது ஏறத்தாழ ஒரு மணி நேர நடையும் முடிந்திருக்கும்.

நடக்கையில் ஸஜ்தா ஆயத்து வந்தால் என்ன செய்வது என்று அடிக்கடி கேட்கிறார்கள். நம் பகுதியில் ஹனஃபீகளும் ஷாஃபிஈகளும் சேர்ந்தே வாழ்கிறோம். நேரில் ஒருவர் ஓதக் கேட்டால் ஹனஃபீ மத்ஹபில் ஸஜ்தா வாஜிபு, ஷாஃபிஈயில் சுன்னத்து. பதிவில் கேட்பதற்கு இது பொருந்தாது என்பதே சமகால ஹனஃபீ முஃப்திகளில் பெரும்பாலோரின் தீர்ப்பு. கழிப்பறைக்குப் போகும்போது கருவியை வெளியே வைத்துவிட்டுப் போக வேண்டுமா என்பது அடுத்த கேள்வி. ஒலிக்காத நிலையில் அது முஸ்ஹஃபின் சட்டத்தில் வராது. அணைத்துவிட்டுப் பையில் வைத்துக்கொள்ளலாம். உளூ இல்லாமல் அதைத் தொடுவதிலும் தடையில்லை.

நன்னிக்கு வாங்குவதானால் இயர்போன் வேண்டாம். சிறு ஒலிபெருக்கி உள்ளதாக, பொத்தான்கள் பெரியனவாக, அவர் கேட்கும் நாலைந்து சூராக்கள் மட்டும் பதிந்ததாக இருக்கட்டும். அழகான விளக்கும் மெக்கா படமும் ஒட்டிய பெட்டிகளை வளைகுடாவிலிருந்து வருகிறவர்கள் அன்போடு கொண்டுவருகிறார்கள். அவற்றின் நுண்ணிய பொத்தான்களும் ஆங்கில எழுத்தும் முதியவர்களுக்கு உதவுவதில்லை. மூன்று மாதத்தில் அவை அலமாரியின் மேல்தட்டுக்குப் போய்விடும்.

கடைசியாக, கடை விஷயம். மதுரையில் பெரியார் பேருந்து நிலையத்தைச் சுற்றியுள்ள கடைகளிலும் இணைய அங்காடிகளிலும் பெயரில்லாத பிளேயர்கள் குவிந்து கிடக்கின்றன. எல்லாமே மோசம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் வாங்குமுன் பேட்டரி எத்தனை மணி நேரம் நிற்கும், பொத்தான்களை நடக்கும்போது பூட்ட முடியுமா, கிளிப் உறுதியாக இருக்கிறதா, வியர்வை படும் இடத்தில் சார்ஜ் துளைக்கு மூடி உண்டா என்று பாருங்கள். புளூடூத் இருந்தால் வயர் தொல்லை இல்லை, பேட்டரி விரைவில் தீரும். கம்பியுள்ள இயர்போன் மலிவு, சட்டைக்குள் விட்டு அணிந்தால் கையில் சிக்காது. மெமரி கார்டு தனியே வாங்குவதானால் 32 ஜிபிக்கு மேல் வேண்டாம். அதற்கு மேற்பட்ட கார்டுகளைச் சிறு பிளேயர்கள் பல படிக்காது. 64 ஜிபி என்று அச்சிட்டு உள்ளே 4 ஜிபி மட்டும் வைத்த போலி கார்டுகளும் சந்தையில் உலவுகின்றன. கணினியில் பார்த்தாலும் 64 என்றே காட்டும். நிரப்பும்போது பிந்திய கோப்புகள் ஒலியில்லாமல் போகும். ஆகவே வாங்கிய அன்றே கார்டை முழுவதுமாக நிரப்பி, அல் ஃபாத்திஹாவைப் போட்டுப் பார்ப்பதோடு நிற்காமல், கடைசியாகப் பதிந்த அந்நாஸ் சூராவையும் ஒருமுறை ஓடவிட்டுக் கேளுங்கள். மாற்றிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் இதைச் செய்துவிடுவது நல்லது.